பன்னிரண்டு

முலுண்டில் ஐந்து பன்னிரண்டு ஸ்லோ.
பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் தூக்கத்தில்.
தலைக்கு மேல் கைப்பிடிகள் ஆடுகின்றன.
வலது கையைத் தூக்கினேன்.
காதுவரை வந்தது. அதற்கு மேல்
வேறு யாருடைய கையோ.

இடது கையால் பிடித்துக்கொண்டேன்.
எதிரே பூ கட்டிக்கொண்டிருந்தவள் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.

*

பிசியோ ஷிவாங்கி கேட்கிறாள்:
எப்போது ஆரம்பித்தது?
விழுந்தாயா? இடித்துக்கொண்டாயா?

இல்லை. இல்லை.
சொல்ல ஒரு நாள் இல்லை என்னிடம்.
ஸ்நேஹலுக்குக் கபடியில் முட்டி பிசகியபோது
மைதானமே எழுந்து நின்றது,
ஸ்ட்ரெச்சர் வந்தது, யாரோ அழுதார்கள்.
எனக்கு வந்ததற்குச் சாட்சியே கிடையாது.

ஒரு நீளத்துக்கு நாற்பத்திரண்டு வீச்சு.
அதில் பாதி வலது.
காலையில் எண்பது நீளம்.
வாரம் ஆறு நாள்.
பி.காம். படிப்பவளுக்கு இது பெரிய கணக்கில்லை:
வாரத்துக்குப் பத்தாயிரத்து எண்பது முறை
ஒரே குழியில் ஒரே எலும்பு சுழன்றிருக்கிறது.
அரைத்த மாவையே அரைத்திருக்கிறேன்,
கல் சூடேறுவதைக் கவனிக்காமல்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
சரி.
இங்கே எறும்பும் நான், கல்லும் நான்.

*

கடிகாரத்துக்குத்தான் முதலில் தெரிந்தது.
ஜூலையில் இருநூறு மீட்டர் இரண்டு பத்தொன்பது.
ஆகஸ்டில் இரண்டு இருபத்தொன்று.
'தூக்கம் போதவில்லையா?' என்றார் பரூல்கர் சார்.
ஆமாம் சார்.
செப்டம்பரில் இரண்டு இருபத்து நான்கு.
'பரீட்சையா?'
ஆமாம் சார்.

முழங்கை தாழ்வதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று
அவர் நிற்கும் இடத்தைக் கடக்கும்போது மட்டும்
உயர்த்தி வீசினேன்.
அந்தப் பத்து மீட்டர்தான்
அந்த வருடம் நான் நீந்தியதிலேயே அழகு.
மிச்சமிருந்ததைக் கிழித்ததும் அதுவேதான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டு,
போகாத வகுப்புகளுக்கு வருகைப் பதிவு,
முதுகில் கல்லூரிப் பெயர் அச்சிட்ட சட்டை,
இத்தனையும் ஒரு தோளில் தொங்கின.
நீச்சலுடைப் பட்டைக்கடியில் தோல் நிற டேப்.
ஒரு நாள் அது குளோரினில் ஊறிப் பிரிந்து மிதந்துபோய்
பக்கத்து லேன்காரியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.
தவளை என்று அலறினாள்.
நானும் சேர்ந்து தேடினேன், தவளையை.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில்
நூற்றைம்பது மீட்டர்வரை மூன்றாவதாக இருந்தேன்.
கடைசித் திருப்பத்துக்குப் பின்
வலது கை தண்ணீரைப் பிடிக்கவில்லை,
தடவிக்கொடுத்தது.

ஏழாவது.
எட்டாவது லேனில் யாரும் இல்லை.

*

'ஆறு வாரம் நீந்தாதே' என்றாள் ஷிவாங்கி.
இதைத் தோளுக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்.
தூக்கத்தில் போர்வைக்குள் தானாகச் சுழன்று
மூன்று மணிக்கு என்னை எழுப்புகிறது.

ஜடையைத் தங்கை பின்னிவிடுகிறாள்,
தினம் கோணலாக,
தினம் ஐந்து ரூபாய்க்கு.

மருந்தும் அதேதான், வேடிக்கையைப் பாருங்கள்:
சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டிய
மஞ்சள் ரப்பர் பட்டை.
முழங்கையை விலாவோடு ஒட்டி
வெளியே இழு, மெல்ல விடு.
பதினைந்து முறை. மூன்று தடவை. தினமும்.
குக்கர் விசில் ஒரு பக்கம், என் எண்ணிக்கை ஒரு பக்கம்.
அம்மாவுக்கு இரண்டும் குழம்பிப்
பருப்பு குழைகிறது.

பத்து.
பதினொன்று.
பன்னிரண்டில் உள்ளே அந்தப் பழைய கம்பி சுண்டுகிறது.
போன மாதம் என்றால் இந்த இடத்தில்
பல்லைக் கடித்துக்கொண்டு
பதின்மூன்று என்றிருப்பேன்.

பட்டையை விட்டேன்.
ஷிவாங்கி தந்த தாளில்
பன்னிரண்டு என்றே எழுதினேன்.

பரூல்கர் சாருக்கு இன்னும்
டைபாய்டு என்றுதான் தெரியும்.